எத்தனை சாம்பார்?
ஸ்ரீபெரும்புதூர்–ஒரகடம் தொழில் தடத்தில் எண்ணும் பெயர், எண்ணாப் பெயர் வழக்கு குறித்து ஓர் ஆய்வு

ஆய்வுச் சுருக்கம்

ஆங்கில இலக்கணம் பெயர்ச்சொற்களை இரண்டு வரிசையில் நிறுத்துகிறது. எண்ணக்கூடியவை ஒரு வரிசை, எண்ண முடியாதவை இன்னொரு வரிசை. முட்டை முதல் வரிசை. அதற்கு ‘ஹவ் மெனி’. பால் இரண்டாம் வரிசை. அதற்கு ‘ஹவ் மச்’. முட்டைக்குப் பின்னால் ‘ஸ்’ வரும், பாலுக்குப் பின்னால் வராது. பள்ளிக்கூடத்தில் வருடம் தவறாமல் இதை நடத்துகிறார்கள். வருடம் தவறாமல் மறந்துபோகிறது. ஐ.டி.ஐ., டிப்ளமோ எல்லாம் முடித்துக் கம்பெனி இன்டர்வியூவில் உட்கார்ந்தால், ‘எக்விப்மென்ட்ஸ்’, ‘ஃபர்னிச்சர்ஸ்’ என்று நாக்கு தானாகவே ‘ஸ்’ போடுகிறது.

மாணவருக்குக் கவனம் போதாது என்பது ஆசிரியர் தரப்பு. இங்கிலீஷ்காரனுக்கு ஒரு முறையே கிடையாது என்பது மாணவர் தரப்பு. இரு தரப்பையும் விசாரித்தபின் இக்கட்டுரை நிறுவ முற்படுவது வருமாறு: எண்ணத்தகும் தன்மை பொருளில் இல்லை, கணக்கு எழுதுகிறவர் கையில் இருக்கிறது. எதற்குக் காசு வாங்க வேண்டுமோ அதை எண்ணுகிறார்கள். எதைச் சும்மா கொடுக்க வேண்டுமோ அதை எண்ணுவதில்லை. இலக்கண நூல்கள் சொல்லத் தவறிய இவ்வுண்மையைச் சுங்குவார்சத்திரத்து மெஸ்கள் மூன்று வேளையும் சொல்லிக்கொண்டிருக்கின்றன.

களம்

சென்னை–பெங்களூர் நெடுஞ்சாலையில் இருங்காட்டுக்கோட்டை தொடங்கி ஸ்ரீபெரும்புதூர், சுங்குவார்சத்திரம் வரை. ஸ்ரீபெரும்புதூரிலிருந்து தெற்கே திரும்பினால் வல்லம், ஒரகடம். இதுவே ஆய்வின் எல்லை. 

1017இல் இராமானுசர் அவதரித்த ஊர் ஸ்ரீபெரும்புதூர். பரம்பொருள் ஒன்று, எண்ணிறந்த உயிர்களும் உலகமும் அதற்கு உடல் என்று வாதாடி நிலைநாட்டியவர் அவர். ஆகவே ‘ஒன்றா, பலவா’ என்னும் கேள்வி இந்த ஊருக்குப் புதிதன்று. 981 வருடம் கழித்து, 1998இல், இருங்காட்டுக்கோட்டை ஹூண்டாய் ஆலையிலிருந்து சான்ட்ரோ கார் வெளியே வந்தபோது அக்கேள்வி சற்றே உருமாறி மறுபடி எழுந்தது: ‘ஒரு ஷிஃப்ட்டுக்கு எத்தனை?’

அடுத்தடுத்து வந்தவை: 2000இல் ஸ்ரீபெரும்புதூரில் செயின்ட் கோபேன் கண்ணாடி, 2010இல் ஒரகடத்தில் ரெனோ–நிசான் காரும் அப்போலோ டயரும், 2013இல் அதே ஒரகடத்தில் ராயல் என்ஃபீல்டு. கம்பெனிகளோடு கொரிய மொழியும் ஜப்பானிய மொழியும் பிரெஞ்சும் வந்திறங்கின. ஆனால் மீட்டிங்கில் பேசுவது, மெயில் போடுவது, லைன் நின்றுபோனால் திட்டுவது எல்லாம் ஆங்கிலத்தில். திருவண்ணாமலைப் பையனும் ஒடிசாப் பையனும் கொரிய மேனேஜரும் சந்திக்கும் இடம் அதுதான். மூவரில் யாருக்கும் அது தாய்மொழி இல்லை என்பதால் அங்கே சண்டைக்கு இடமில்லை, இலக்கணத்துக்கும் இல்லை.

முன்னோர் கூற்று

பதின்மூன்றாம் நூற்றாண்டில் நன்னூல் செய்த பவணந்தி முனிவர் அளவைகள் நான்கு என்றார்: எண்ணல், எடுத்தல், முகத்தல், நீட்டல். ஸ்ரீபெரும்புதூர் பேருந்து நிலையத்தைச் சுற்றி ஒரு நடை வந்தால் நான்கையும் பார்க்கலாம். முட்டையை எண்ணுகிறார்கள், வெங்காயத்தை எடுக்கிறார்கள், எண்ணெயை முகக்கிறார்கள், மல்லிகைப் பூவை முழம் போட்டு நீட்டுகிறார்கள். பூக்காரம்மாவின் முழம் அவரவர் முழங்கைக்கு ஏற்ப மாறும். அதைத் தரப்படுத்த எந்த ஐ.எஸ்.ஓ. சான்றிதழும் இதுவரை துணியவில்லை.

“அரை லிட்டர் குடுங்க” என்றால் பால் என்று சொல்லாமலே பால் கைக்கு வருகிறது. அளவின் பெயர் அளக்கப்பட்ட பொருளுக்கு ஆகி வந்ததால் இது அளவையாகுபெயர். இன்னொன்றும் உண்டு. மாடு வந்தது என்றாலும், மாடு வந்தன என்றாலும் மாடு அப்படியே நிற்கிறது. ஒன்றா பலவா என்பதை வினைமுற்று பார்த்துக்கொள்கிறது. இதற்குப் பால்பகா அஃறிணைப் பெயர் என்று பெயர். ஆக, தமிழ்ப் பிள்ளை பெயர்ச்சொல்லின் வாலைக் கவனிக்கும் பொறுப்பே இல்லாமல் வளர்கிறது. திடீரென்று ஒருநாள் ஆங்கிலப் பாடம் வந்து, ‘எல்லாப் பொருளுக்கும் வால் இருக்கிறதா என்று தடவிப் பார்’ என்கிறது. பிள்ளை பாதுகாப்பான வழியைத் தேர்ந்தெடுத்து எல்லாவற்றுக்கும் வால் கட்டிவிடுகிறது.

மேல்நாட்டாரில் டென்மார்க்கைச் சேர்ந்த ஓட்டோ யெஸ்பர்சன், இருபதாம் நூற்றாண்டின் தொடக்கத்தில், ஆங்கிலப் பெயர்களை எண்ணத்தக்கன, திரளானவை என்று பிரித்து விரிவாக எழுதினார். 1975இல் பெல்லட்டியர் என்னும் தத்துவ அறிஞர் ஒரு கற்பனை இயந்திரத்தைக் கட்டுரையில் கொண்டுவந்தார். யோசனை டேவிட் லூயிஸ் என்னும் இன்னொரு தத்துவ அறிஞருடையது. எந்தப் பொருளைப் போட்டாலும் அரைத்துத் தள்ளும் அந்த இயந்திரத்துக்கு ‘யூனிவர்சல் கிரைண்டர்’ என்று பெயர். ஒரு வாயில் எண்ணக்கூடியதைப் போட்டால் மறு வாயில் எண்ண முடியாதது வரும். இதற்கு நேரெதிராக, எண்ண முடியாததைப் பொட்டலம் கட்டி எண்ண வைக்கும் இயந்திரத்தையும் பின்வந்தோர் கற்பனை செய்தார்கள்.

இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு அவசியமாகிறது. மேல்நாட்டுப் பல்கலைக்கழகங்கள் கற்பனையாக வைத்திருந்த கிரைண்டரைத் தமிழ்நாடு அரசு 2011இல் விலையில்லாப் பொருளாக வீட்டுக்கு வீடு கொடுக்கத் தொடங்கியது. கூடவே மிக்சியும் கொடுத்தது. கோயம்புத்தூர் வெட் கிரைண்டருக்குப் புவிசார் குறியீடே உண்டு. ஒரு தேங்காய் உள்ளே போகிறது, சட்னி வெளியே வருகிறது. முன்னது எண்ணத்தக்கது, பின்னது தகாதது என்பதைத் தமிழ்நாட்டுப் பெண்கள் தினம் காலையில் செய்முறையாக நிரூபிக்கிறார்கள். அதே திட்டத்தில் கொடுத்த மின்விசிறிக்கு இலக்கணத்தில் என்ன வேலை என்பது தனியே ஆராயத்தக்கது.

ஆய்வு முறை

ஸ்ரீபெரும்புதூரில் ஒரு பேக்கரி மாடியில் நடக்கும் ஸ்போக்கன் இங்கிலீஷ் வகுப்பே ஆய்வுக்கூடம். மாதிரியின் அளவு என்ன என்று கேட்பவர்களுக்கு: ஏ ஷிஃப்ட் வாரத்தில் வருபவர் சி ஷிஃப்ட் வாரத்தில் வருவதில்லை, ஓ.டி. இருந்தால் எவருமே வருவதில்லை. ஆகவே இந்த ஆய்வைப் பொறுத்தவரை மாணவர் என்பது எண்ண முடியாத பெயர். 

ஆய்வுக் கருவி ஒரு மளிகைப் பை. அதனுள் ஆவின் நீலப் பாக்கெட், சோப்பு, ஷாம்பு சாஷே ஒரு சரம், கொசுவர்த்தி, பிரெட், பிஸ்கட், முட்டை. ஆசிரியர் ஒவ்வொன்றாக எடுத்து மேசைமேல் வைப்பார். மாணவர் ‘மெனி’ அல்லது ‘மச்’ என்று சொல்ல வேண்டும். சொன்னபின் ஏன் என்றும் சொல்ல வேண்டும். இந்த இரண்டாம் பகுதியில்தான் ஆய்வே நடந்தது.

முதல் விதி: பெட்டிக்கடை விதி

ஷாம்பு எண்ண முடியாதது, அது திரவம். ஆனால் பெட்டிக்கடை வாசலில் தோரணமாகத் தொங்கும் ஷாம்பு எண்ணத்தக்கது. “அண்ணாச்சி, ரெண்டு ஷாம்பு” என்று கேட்டால் அண்ணாச்சி எவ்வளவு மில்லி என்று திருப்பிக் கேட்பதில்லை, கிழித்துக் கொடுக்கிறார்.

இந்த மாற்றத்தைச் செய்தது கடலூர். அங்கே சின்னி கிருஷ்ணன் ஷாம்புவைச் சிறு சிறு பாக்கெட்டில் அடைத்து விற்கும் முறையைக் கொண்டுவந்தார். வெல்வெட் ஷாம்பு அவர் குடும்பத்துச் சரக்கு. 1983இல் அவர் மகன் சி. கே. ரங்கநாதன் தனியே பிரிந்து சிக் ஷாம்புவைத் தொடங்கினார். பாட்டில் வாங்க வக்கில்லாதவர்கள் தலைக்கு ஒன்று என்று வாங்கினார்கள். வியாபார வரலாற்றில் இதைச் சாஷே புரட்சி என்கிறார்கள். இலக்கண வரலாற்றில் இதை இன்னும் யாரும் சேர்க்கவில்லை. பெல்லட்டியர் கட்டுரைக்கு மறுபாதியான பொட்டல இயந்திரம் கற்பனையாக இருந்த காலத்தில், கடலூரில் அது மின்சாரத்தில் ஓடிக்கொண்டிருந்தது.

இனி சோப்புக்கு வருவோம். சோப்பை ஆங்கிலம் எண்ண முடியாதது என்கிறது. ஒரு சோப்பு என்று சொல்லாமல் ஒரு ‘பார்’ சோப்பு என்று சொல்ல வேண்டுமாம். வகுப்பில் இதற்குக் கடும் எதிர்ப்பு. “கையில புடிக்கிறோம், ஒண்ணு ரெண்டுன்னு எண்றோம். இதைப் போய் எண்ண முடியாதுன்னா எப்படி சார்?” என்று டயர் கம்பெனிப் பையன் ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். விடை சோப்பின் உறையிலேயே இருந்தது.

2011ஆம் ஆண்டுப் பொட்டலப் பொருள் விதிகளின்படி, உறைமேல் நிகர அளவு போட வேண்டும். எடையிலோ கன அளவிலோ விற்பதற்குக் கிராம், மில்லி. எண்ணி விற்பதற்கு ‘என்’ அல்லது ‘யூ’ என்னும் ஆங்கில எழுத்து. கொசுவர்த்திப் பெட்டியைத் திருப்பிப் பார்த்தால் பத்துக்குப் பக்கத்தில் அந்த எழுத்து இருக்கும். சோப்பைத் திருப்பினால் அந்த எழுத்து இருக்காது, கிராம் இருக்கும். இப்போது ஒரு கிராம் என்ன விலை, ஒரு மில்லி என்ன விலை, ஒன்று என்ன விலை என்பதையும் சேர்த்து அச்சிடுகிறார்கள். அதாவது, இந்தியாவில் விற்கும் ஒவ்வொரு பொட்டலமும் முதுகில் ஆங்கில இலக்கணப் பாடத்தைச் சுமந்துகொண்டு வருகிறது; எம்.ஆர்.பி.யை மட்டும் பார்த்துவிட்டுக் கவிழ்த்து வைத்துவிடுகிறோம்.

சோப்பு விஷயத்தில் சட்டம் ஆங்கிலத்தின் பக்கம் நிற்கக் காரணம் உண்டு. விலை பத்து ரூபாயாகவே இருக்கும், எண்ணிக்கை ஒன்றாகவே இருக்கும், கிராம் மட்டும் சத்தமில்லாமல் குறையும். ‘எத்தனை சோப்பு’ என்று கேட்பவருக்கு இந்தக் குறைவு தெரியவே தெரியாது. ‘எவ்வளவு சோப்பு’ என்று கேட்பவருக்கு உடனே தெரியும். பிஸ்கட்டுக்கும் இதே கதி. ஐந்து ரூபாய்ப் பாக்கெட் என்றைக்கும் ஐந்து ரூபாய்ப் பாக்கெட்தான். உள்ளே இருப்பதுதான் இளைத்துப்போகிறது.

இரண்டாம் விதி: மெஸ் விதி

ஒரகடம் கூட்டுரோட்டில் எந்த மெஸ்ஸின் விலைப் பலகையையும் எடுத்துக்கொள்ளலாம். இட்லி, வடை, தோசை, பரோட்டா, ஆம்லெட், ஆஃப்பாயில். ஒவ்வொன்றுக்கும் எதிரில் விலை. எல்லாமே எண்ணத்தக்கவை. சாம்பார், சட்னி, சால்னா பலகையிலேயே இல்லை. இவை எண்ண முடியாதவை.

இதற்குத் திட, திரவ வேறுபாடுதான் காரணம் என்று அவசரப்பட்டுச் சொல்லக்கூடாது. டீ திரவம்தான், “மாஸ்டர், நாலு டீ” என்று எண்ணுகிறோம். ரசம் திரவம், எண்ணுவதில்லை. டீக்குக் காசு, ரசத்துக்குக் காசில்லை. ஆங்கிலப் பாடநூல் டீயை எண்ண முடியாத வரிசையில் வைத்துவிட்டு, கடையில் மட்டும் ‘டூ டீஸ்’ என்று சொல்லலாம் என அடிக்குறிப்பு கொடுக்கிறது. டீ என்பது கடையைத் தவிர வேறெங்கே இருக்கிறது என்று கேட்டார், இரவு ஷிஃப்ட் முடித்து வந்த மாணவர் ஒருவர்.

விதியை உறுதிப்படுத்தும் சோதனை பார்சல் கட்டும்போது நடக்கிறது. உட்கார்ந்து சாப்பிடும்வரை வாளியோடு வந்து ஊற்றிய சாம்பார், பார்சலில் ஒரு பையாக முடிச்சுப் போட்டு வரும். “இன்னொரு சாம்பார் வைங்கண்ணே” என்றால் சில இடங்களில் தனிக் காசு. அதே கொப்பரை, அதே கரண்டி, அதே சாம்பார். காசு கேட்ட நொடியில் எண்ணத்தக்கதாகிவிட்டது. 2019 ஜனவரி 1 முதல் தமிழ்நாட்டில் ஒருமுறை பயன்படுத்தும் பிளாஸ்டிக்குக்குத் தடை இருக்கிறது. அத்தடை ஒழுங்காக அமலுக்கு வந்தால் ஆளாளுக்குத் தூக்குவாளியோடு வர வேண்டும். சாம்பார் தன் பழைய வரிசைக்குத் திரும்பிவிடும். சுற்றுச்சூழல் துறை அறியாமலே இலக்கணத் துறையில் கை வைத்த சம்பவம் இது.

முடி குறித்தும் இங்கே சொல்லிவிடுவது முறை. ஆங்கிலத்தில் தலையில் இருக்கும் முடி எண்ண முடியாதது. அதே முடி சாம்பாரில் கிடந்தால் எண்ணத்தக்கது. ‘எ ஹேர்’ என்று ஒருமை போட்டுச் சொல்லலாம். வகுப்பில் யாரும் விளக்கம் கேட்காமல் ஏற்றுக்கொண்ட ஒரே விதி இதுதான். கேண்டீன் அனுபவம் எல்லாருக்கும் பொது.

மூன்றாம் விதி: தலைப்பு விதி

‘ஒரு மீல்ஸ்’ என்பது பிழை என்று ஆசிரியர்கள் சிவப்பு மையால் சுழிக்கிறார்கள். ‘மீல்’ ஒருமை, ‘மீல்ஸ்’ பன்மையாம். ஆனால் ‘ஒரு மீல்’ என்று எந்த ஓட்டலில் கேட்டாலும் சர்வர் நின்று மேலும் கீழும் பார்ப்பார். பேருந்தில் “ஒரு லேடீஸ் எறங்குறாங்க, வெயிட்” என்று நடத்துநர் குரல் கொடுத்தால் ஓட்டுநருக்கு எத்தனை பேர் என்பதில் குழப்பம் வருவதே இல்லை. ஒரு சிப்ஸ், ஒரு பார்ட்ஸ், எல்லாம் இவ்வாறே கொள்க.

இதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. பட்டாணிக்கு ஆங்கிலத்தில் முன்பு ‘பீஸ்’ என்றே பெயர். அரிசி, கோதுமைபோல அது எண்ணாப் பெயர். கடைசியில் ‘ஸ்’ சத்தம் கேட்டதும், இது பன்மையாக இருக்க வேண்டும் என்று இங்கிலீஷ்காரர்களே முடிவு கட்டி, பதினேழாம் நூற்றாண்டு வாக்கில் வாலை வெட்டி ‘பீ’ என்று புதிதாக ஒருமை செய்துகொண்டார்கள். அவர்கள் இல்லாத வாலை வெட்டினார்கள்; நாம் இருக்கும் வாலோடு சேர்த்து எடுத்துக்கொண்டோம். கணக்கு நேர்.

உண்மையான சிக்கல் வேறிடத்தில் இருக்கிறது: ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், மெஷினரி, ஜுவல்லரி. இவை எண்ண முடியாதவை என்று ஆங்கிலம் சொல்கிறது. நாற்காலி கண்ணெதிரே தனித்தனியாக நிற்கிறது, ஃபர்னிச்சரை மட்டும் ஏன் எண்ணக்கூடாது? ஸ்ரீபெரும்புதூரில் ரூம் எடுக்கும் பையன்களுக்குக் கட்டிலும் மெத்தையும் விற்கும் கடையில் பில் புத்தகத்தைப் பார்த்தபோது விடை கிடைத்தது. மேலே கடைப் பெயரோடு ஃபர்னிச்சர் என்று அச்சிட்டிருக்கிறது. கீழே வரிசையாக: கட்டில் 1, பிளாஸ்டிக் சேர் 2, பீரோ 1. எண் எல்லாம் கீழ் வரிகளில். தலைப்புக்கு எதிரே எண் இல்லை. யாரும் போடவும் மாட்டார்கள்.

இதுவே தலைப்பு விதி. பில்லின் தலைப்பில் நிற்கும் சொல் எண்ணாப் பெயர். பில்லின் வரியில் நிற்கும் சொல் எண்ணும் பெயர். லக்கேஜ் தலைப்பு, பை வரி. மெஷினரி தலைப்பு, மெஷின் வரி. ஜுவல்லரி தலைப்பு, மோதிரம் வரி. இன்னும் பெரியது ஒன்று: ‘மணி’, அதாவது பணம். பாடநூல் பணத்தை எண்ண முடியாத வரிசையில் சேர்த்ததும் வகுப்பே சிரித்தது. வங்கியில் பணம் எண்ணவே இயந்திரம் வைத்திருக்கிறார்களே! விதியைப் பொருத்திப் பார்த்தால் சிரிப்பு அடங்கும். பணம் தலைப்பு, ரூபாய் வரி. இயந்திரம் எண்ணுவது நோட்டை.

நான்காம் விதி: கம்பெனி விதி

இந்தத் தடத்துக் கம்பெனிகளைச் சற்றுத் தள்ளி நின்று பார்த்தால், எண்ண முடியாததை உள்ளே வாங்கி எண்ணத்தக்கதை வெளியே அனுப்புவதே இவை எல்லாவற்றுக்கும் பொதுவான தொழில் என்று விளங்கும். ரப்பர் போகிறது, டயர் வருகிறது. எஃகு போகிறது, பைக் வருகிறது. 

கண்ணாடி இவற்றுள் தலைசிறந்தது. மிதவைக் கண்ணாடி ஆலையில் மணலும் சோடாச் சாம்பலும் சுண்ணாம்புக்கல்லும் உலையில் உருகி, உருகிய வெள்ளீயக் குளத்தின்மேல் பரவி, ஒரே பாளமாக ஓடிவருகிறது. இரவு பகல் நிற்காது; உலையை மூட்டினால் வருடக்கணக்கில் அணைப்பதில்லை. அந்தப் பாளத்துக்குத் தொடக்கமும் இல்லை, முடிவும் இல்லை. ஆகவே ‘ஹவ் மச்’. குளிர்ந்து வந்து வெட்டும் சக்கரத்தின் அடியில் போகிறது. சக்கரம் கீறிய கணத்தில் ஒன்று, இரண்டு, மூன்று. ‘ஹவ் மெனி’. எண்ணாப் பெயர் எண்ணும் பெயராக மாறும் இடத்தைக் கண்ணால் பார்க்க விரும்புவோர் வேறெங்கும் போக வேண்டியதில்லை. கேட்டில் விடுவார்களா என்பது வேறு விஷயம்.

அசெம்பிளி லைனில் ஒவ்வொரு வண்டிக்கும் ஒரு பொருள் பட்டியல் உண்டு. ஸ்க்ரூவுக்கு எதிரே ‘ஈ.ஏ.’ என்று போட்டிருக்கும். ஒவ்வொன்று என்று அர்த்தம். கிரீஸுக்கு எதிரே கிலோ, கூலன்ட்டுக்கு எதிரே லிட்டர். இந்த ஒரு பத்தியைப் படிக்கத் தெரிந்தவருக்கு இலக்கணப் புத்தகம் தேவையில்லை. ‘ஈ.ஏ.’ போட்டதற்கு ‘மெனி’, மற்றதற்கு ‘மச்’. ஸ்டோர்ஸில் வேலை பார்க்கும் மாணவி ஒருவர் இதை எடுத்துச் சொன்னபோது, ஆசிரியர் சாக்பீஸைக் கீழே வைத்துவிட்டுக் கேட்டுக்கொண்டார்.

ஸ்டோர்ஸில் இன்னொரு விசித்திரமும் உண்டு. ஸ்க்ரூ எண்ணத்தக்கது, ஆனால் அங்கே யாரும் எண்ணுவதில்லை, எடை போடுகிறார்கள். எண்ணும் தராசில் முதலில் பத்து ஸ்க்ரூவைப் போட்டு ஒன்றின் எடையைத் தராசுக்குக் கற்றுக்கொடுக்கிறார்கள். பிறகு டப்பாவோடு கொட்டினால் தராசே இத்தனை பீஸ் என்று காட்டும். எடுத்தலும் எண்ணலும் ஒரே தட்டில் உட்காரும் காட்சி இது. பவணந்தியார் பார்த்திருந்தால் ஐந்தாவதாக ஓர் அளவை வகுத்திருப்பார்.

ஐந்தாம் விதி: ஆள் விதி

இதுவரை சொன்னது பொருளுக்கு. இனி ஆளுக்கு.

மனிதன் எண்ணத்தக்கவன் என்பதில் எந்த மொழியிலும் ஐயமில்லை. உயர்திணை, தலைக்கு ஒன்று. முதலீட்டாளர் மாநாட்டில் கையெழுத்துப் போடும்போது இத்தனை ஆயிரம் ‘ஜாப்ஸ்’ என்று வாலோடு சொல்கிறார்கள். அறிவிப்பு கீழே இறங்கி, கம்பெனி வழியாகக் கான்ட்ராக்டர் கைக்கு வரும்போது சொல் மாறிவிடுகிறது. “நாளைக்கு மேன்பவர் ஷார்ட்டேஜ், எவ்வளவு மேன்பவர் அனுப்ப முடியும்?” எவ்வளவு. கிரீஸுக்குக் கேட்கும் கேள்வி. ‘மேன்பவர்’, ‘லேபர்’, ‘வொர்க்ஃபோர்ஸ்’ எல்லாம் தலைப்புச் சொற்கள். வரியில் இருக்க வேண்டிய ஆளைத் தலைப்பில் ஏற்றிவிட்டால் அவருக்கு எதிரே எண் போட வேண்டியதில்லை. பெயர் போட வேண்டியதும் இல்லை.

வேலையும் இப்படித்தான். ஆங்கிலத்தில் ‘வொர்க்’ எண்ண முடியாதது. “கொஞ்சம் வேலை இருக்கு, முடிச்சிட்டுப் போப்பா” என்று சூப்பர்வைசர் சொல்லும் கொஞ்சத்துக்கு அளவு கிடையாது. மணி எண்ணத்தக்கது. வேலையை மணியாக வெட்டி எண்ண வைத்ததுதான் தொழிலாளர் சட்டம் செய்த பெரிய காரியம். வாரத்துக்கு 48 மணி, அதற்கு மேல் வாங்கினால் இரட்டைக் கூலி என்று 1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைகள் சட்டம் எழுதி வைத்தது. அதை இலக்கணமாகப் படித்தால், எண்ணாப் பெயரை எண்ணும் பெயராக மாற்றும் விதி. 2023 ஏப்ரலில் பன்னிரண்டு மணி நேர வேலைக்கு வழிசெய்யும் திருத்த மசோதா தமிழ்நாடு சட்டமன்றத்தில் நிறைவேறியது. எதிர்ப்பு கிளம்பி, மே தினத்தன்று திரும்பப் பெறப்பட்டதாக முதல்வர் அறிவித்தார். எட்டா, பன்னிரண்டா என்று ஊரே எண்ணியதால் வந்த விளைவு அது. எண்ண முடியாத பெயருக்காக எவரும் கொடி பிடித்ததில்லை.

மறுப்பும் விடையும்

காசு வாங்குவதே எண்ணப்படும் என்றால் சத்துணவு முட்டை என்னாவது, அது இலவசம்தானே என்பர் ஒருசாரார். குழந்தைக்கு இலவசம், சப்ளை செய்தவர் பில் போடுகிறார். கணக்கு இருக்குமிடத்தில் எண் இருக்கும் என்பதால் விதி கெடாது.

வாழைப்பழத்தை இங்கே எண்ணி வாங்குகிறோம், இதே சாலையில் போய்ப் பெங்களூரில் இறங்கினால் கிலோவில் நிறுக்கிறார்களே என்பர் இன்னொருசாரார். அதுவும் விதிக்கு ஆதரவே. பழம் ஒன்றுதான், கணக்கு எழுதும் கைதான் மாறியது.

அட்வைஸுக்கு வால் கிடையாதே, அது ஏன் என்றும் கேட்கலாம். சும்மா கிடைக்கிறதே, அதனால்தான். அதையே காசு வாங்கிக்கொண்டு சொன்னால் கன்சல்டேஷன். அதற்கு வாலும் உண்டு, பில்லும் உண்டு.

பரிந்துரைகள்

ஒன்று: வகுப்புச் சுவரில் ஆப்பிளும் அரிசியும் வரைந்து மாட்டியிருக்கும் சார்ட்டைக் கழற்றிவிட்டு, மாணவர்களை மளிகைக் கடைக்கு அழைத்துப் போங்கள். ‘எத்தனை’ என்று வாயில் வந்தால் ‘மெனி’, ‘எவ்வளவு’ என்று வந்தால் ‘மச்’. தமிழ்ப் பிள்ளை கடையில் இதைத் தப்பாகச் சொன்னதே இல்லை. சோப்பும் பிரெட்டும் மட்டும் விலக்கு. அவற்றுக்கு உறையின் பின்பக்கம் பார்க்கவும்.

இரண்டு: ஃபர்னிச்சர், லக்கேஜ், எக்விப்மென்ட், மெஷினரி, இன்ஃபர்மேஷன், அட்வைஸ். இந்த ஆறு தலைப்புகளுக்கும் ‘ஸ்’ போடாமல் இன்டர்வியூவைக் கடந்துவிட்டால் மற்றதை வேலைக்குச் சேர்ந்தபின் பார்த்துக்கொள்ளலாம்.

மூன்று: மாதம் பிறந்ததும் சம்பளச் சீட்டில் ஓ.டி. என்ற வரியைத் தேடி, செய்த மணியையும் போட்டிருக்கும் மணியையும் ஒத்துப் பாருங்கள். ஒத்துவராவிட்டால் ஹெச்.ஆர்.க்குப் போய் ‘ஹவ் மெனி அவர்ஸ்’ என்று கேளுங்கள். மற்ற இடங்களில் ‘ஸ்’ விட்டுப்போனால் மார்க்தான் போகும். இந்த இடத்தில் கட்டாயம் போடுங்கள்.